மாடி போர்ஷன்ல நாலு மாச வாடகை பாக்கி. ஃபியூஸைப் பிடுங்கலாமா?

மடிப்பாக்கம்_மகன்

வணக்கம். இங்க முதல் தடவை எழுதறேன். நீளமா போனா பொறுத்துக்கங்க.

மடிப்பாக்கத்துல அப்பா கட்டின வீடு. கீழ அம்மா மட்டும் இருக்காங்க. எனக்கு ஓசூர்ல வேலை, மாசம் ரெண்டு தடவை வந்து போவேன். மாடியில ரெண்டு பெட்ரூம் போர்ஷன். வாடகை 16,000, அட்வான்ஸ் ஒரு லட்சம். 2021ல அப்பா குடிவெச்ச குடும்பம், ஒரு பையன் ஸ்கூல் போறான். மூணு வருஷத்துக்கு மேல அஞ்சாம் தேதின்னா அஞ்சாம் தேதி பணம் வந்துடும். இப்ப நவம்பர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும் ஒரு பைசா வரல. அந்த அண்ணனுக்கு வேலை போயிடுச்சாம். கேட்டா "அட்வான்ஸ்ல கழிச்சுக்கங்க தம்பி"ங்கறார். கரண்ட் காசும் 3,800 நிக்குது.

அப்பா போன வருஷம் தவறிட்டார். அம்மா என்னைப் பேசவே விடமாட்டேங்கறாங்க. அவங்களுக்குக் கண் ஆபரேஷன் ஆனப்ப நாலு வேளையும் இறங்கி வந்து சொட்டு மருந்து போட்டது மாடி அக்காதான்.

அக்ரிமெண்ட் 11 மாசத்துக்குப் போட்டது, அப்பா பேர்ல. அதுக்கப்புறம் புதுப்பிக்கவே இல்ல. வீட்டுக்கு ஒரே ஈ.பி. கனெக்ஷன், மாடிக்கு சப் மீட்டர். மெயின் கீழ இருக்கு. "ரெண்டு நாள் ஃபியூஸைப் பிடுங்கி வை, தானா காலி பண்ணுவாங்க"ன்னு ஃப்ரெண்டு சொல்றான். பண்ணலாமா?

நங்கநல்லூர்_22வருஷம்

தொடாதீங்க.

நான் தொட்டவன், அதனால சொல்றேன். 2006ல கீழ் போர்ஷன்காரர் ஆறு மாசம் இழுத்தடிச்சார். ஒரு சனிக்கிழமை காலைல தண்ணி வால்வை மூடிட்டேன். மத்தியானம் அவர் ஸ்டேஷனுக்குப் போயிட்டார். சாயங்காலம் நானும் போனேன், அதாவது கூப்பிட்டனுப்பினாங்க. ராத்திரி பத்து மணி வரைக்கும் வெளில பெஞ்சுல உக்காந்திருந்தேன். வாடகை பாக்கி வெச்சவர் உள்ள நாற்காலில உக்காந்து டீ குடிச்சிட்டிருந்தார். அன்னிக்கு வரைக்கும் நியாயம் என் பக்கம் இருந்தது. ஒரு வால்வைத் திருப்பி நானே அதை அவர் கையில குடுத்துட்டேன்.

சோழிங்கநல்லூர்_ஓனர்

நீங்க செஞ்ச முதல் தப்பு மூணு வருஷத்துக்கு மேல ஒரே ஆளை வெச்சது. அதுக்கு மேல இருந்தா வீட்டுல அவங்களுக்கு உரிமை வந்துடும். 12 வருஷம் ஆச்சுன்னா வீடே அவங்களுது. எங்க தெருவுல எல்லாரும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஆளை மாத்திடுவோம்.

கோர்ட்_வராண்டா

இருபது வருடமாக வக்கீல் ஆபீசில் குமாஸ்தா. சோழிங்கநல்லூர்க்காரர் சொன்னதை வாரம் ஒருவராவது வந்து கேட்பார்கள்.

அந்தப் 12 வருடக் கணக்கு, உரிமையாளரை எதிர்த்து, அவர் அனுமதி இல்லாமல் ஒருவர் இடத்தைத் தன்னுடையதாக வைத்திருப்பதற்கு உள்ளது. வாடகைக்கு இருப்பவர் உங்கள் அனுமதியோடு இருக்கிறார். மாதாமாதம் வாடகை கொடுப்பதே 'இது உங்கள் வீடு' என்று அவர் ஒப்புக்கொள்வதுதான். மூன்று வருடம் ஆனாலும் சரி, முப்பது வருடம் ஆனாலும் சரி, வாடகைக்கு இருந்த ஒரே காரணத்தால் வீடு அவருக்குப் போகாது. ஆனால் வாடகை கொடுத்ததற்கு எழுத்தே இல்லாமல், ரசீதும் இல்லாமல், பெயரளவுக்குக்கூட ஒப்பந்தம் இல்லாமல் விட்டுவைத்தால் வழக்கில் இழுபறி வரும். தெருவே பயப்படுவது அந்த இழுபறிக்குத்தான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றி, புரோக்கருக்கும் பெயின்டருக்கும் கொட்டும் காசில் பாதியில் ஒழுங்கான பத்திரம் போட்டுவிடலாம்.

இனி தம்பி விஷயம். 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. 2017இல் நிறைவேறிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. உங்களுக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

கரண்ட், தண்ணீர் போன்றவற்றை நிறுத்துவதற்கு அந்தச் சட்டத்திலேயே தடை உண்டு. வாடகை பாக்கி இருந்தாலும்தான். வாடகைதாரர் வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்தால், உடனே திருப்பிக் கொடுக்கச் சொல்லி உத்தரவு வரும்.

இரண்டு மாத பாக்கி சேர்ந்து, எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தும் ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால், காலி செய்யக் கேட்டு வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். உங்களுக்கு நாலு மாத பாக்கி. ஆனால் நோட்டீஸ் என்று ஒன்று இன்னும் போகவில்லை, அல்லவா? மாடிப்படியில் நின்று கேட்டது நோட்டீஸ் ஆகாது.

அடுத்தது பதிவு. இதில்தான் பெரும்பாலோர் குழம்புகிறார்கள். 11 மாதம் என்று போடுவது ஏன்? ஒரு வருடத்துக்கு மேல் போனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பதால். அது 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். 2017 சட்டம் கேட்பது வேறு பதிவு. 11 மாத ஒப்பந்தமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்தான 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அதற்கென்று அரசு இணையதளம் இருக்கிறது, பதிவானதும் ஒரு எண் வரும். 'ஸ்டாம்ப் பேப்பரில் இருக்கிறது, நோட்டரி கையெழுத்தும் இருக்கிறது' என்று கொண்டுவருகிறார்கள். அந்த எண் எங்கே என்றால் முழிக்கிறார்கள்.

உங்களிடம் இருப்பதோ காலாவதியான பத்திரம், அதுவும் அப்பா பெயரில். எதைச் செய்வதற்கு முன்பும் வாரிசுச் சான்றிதழ், சொத்து வரிப் பெயர் மாற்றம் இரண்டையும் முடியுங்கள்.

தாம்பரம்_குடித்தனம்

ஓனர்கள் மட்டும் பேசிக்கிற இடத்துல ஒரு குடித்தனக்காரனும் பேசலாமா?

ஒரு லட்சம் அட்வான்ஸ்னா வாடகையில ஆறு மடங்கு. மூணு மாசத்துக்கு மேல கூடாதுன்னு அதே சட்டத்துல இருக்குல்ல, குமாஸ்தா ஐயா? அதை ஏன் சொல்லல? அந்த ஆள் பணம் ஒரு லட்சம் வட்டியில்லாம நாலு வருஷமா உங்க கையில இருக்கு. "கழிச்சுக்கங்க"ன்னு அவர் சொல்றதுல என்ன அநியாயம்?

இன்னொண்ணு. சப் மீட்டருக்கு யூனிட் எவ்வளவு வாங்கறீங்க?

மடிப்பாக்கம்_மகன்

9 ரூபா. அப்பா காலத்துலேர்ந்தே அதான்.

தாம்பரம்_குடித்தனம்

அதானே பார்த்தேன். வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அது கீழ் வீட்டுக்கு. மாடிக்காரனுக்கு முதல் யூனிட்லேர்ந்தே 9 ரூபா.

கோவை_ரேஸ்கோர்ஸ்

சண்டை வேண்டாமுங்க. இதுல ஓனருக்கும் நட்டம்தான். ரெண்டு குடும்பமும் ஒரே மீட்டர்ல ஓடுனா ரெண்டு மாசத்துல 500 யூனிட் சுலபமாத் தாண்டிரும். தாண்டுச்சுன்னா 101வது யூனிட்ல இருந்தே ரேட் ஏறிக்கும். எங்க வீட்ல மூணு போர்ஷனுக்கும் தனித்தனி சர்வீஸ் வாங்குன பொறவு கரண்ட் பேச்சே இல்லீங்க. அவங்கவங்க பில்லு அவங்கவங்க ஃபோனுக்கு வருது. மோட்டாரும் மாடிப்படி லைட்டும் மட்டும் பொது.

கோர்ட்_வராண்டா

தாம்பரத்தார் கேட்டது சரி. முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்றுதான் சட்டம். 'ஒப்பந்தத்தில் வேறு விதமாக இல்லாவிட்டால்' என்று ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள், சென்னை முழுக்க அந்த வாசல் வழியாகத்தான் போய்வருகிறது. தம்பி கேட்கவில்லை என்று விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

நங்கநல்லூர்_22வருஷம்

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். தம்பி, ஒரு பேப்பரும் பேனாவும் எடுங்க.

பிப்ரவரி வரை பாக்கி 64,000. அட்வான்ஸ்ல மிச்சம் 36,000. கரண்ட் போக 32,200. மார்ச் கடைசில காலி பண்ணினா அவர் கைக்கு 16,200 போகும். ஏப்ரல் கடைசின்னா 200 ரூபா. மே மாசம் உங்களுக்கு அவர் கடன்காரர்.

இந்தக் கணக்கை அவர்கிட்ட யாராவது உக்காந்து சொன்னாங்களா? வேலை போனவன் தினம் ராத்திரி ஏதோ ஒரு கணக்குப் போட்டுக்கிட்டுதான் படுப்பான். ஆனா இந்தக் கணக்கு அவன் கண்ணுல பட்டிருக்காது. அவர் போகாம இருக்கறதுக்குக் காரணம் திமிரா இருக்கணும்னு இல்ல. வேற வீட்டுக்குப் போகணும்னா அங்க அட்வான்ஸ் வேணும். அவர் அட்வான்ஸ் உங்ககிட்ட மாட்டியிருக்கு. நீங்க காலி பண்ணினாத்தான் தருவீங்க, அவர் நீங்க தந்தாத்தான் காலி பண்ணுவார். பாதி வீட்டுல பாக்கி கதை இந்த முடிச்சுதான்.

நான் என்ன பண்ணுவேன்னா, அவர் சின்னதா ஒரு வீடு பார்த்துட்டு வரட்டும், அந்த வீட்டு ஓனருக்கு டோக்கன் அட்வான்ஸை நானே நேரா அனுப்பிடுவேன், அவர் கையில குடுக்க மாட்டேன். மிச்சம் சாவி குடுக்கற அன்னிக்கு. எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து. அதே நேரத்துல குமாஸ்தா சொன்ன நோட்டீஸும் பதிவுத் தபால்ல போகட்டும். அனுப்பறதுக்கு முன்னாடி அவர்கிட்டச் சொல்லிட்டு அனுப்புங்க. தபால்காரர் வந்து குடுத்தாத்தான் தெரியணும்னு இல்ல.

அபுதாபி_சிறுசேரி

மகனே, நீங்களாவது ஓசூர்ல இருக்கீங்க. நான் கடல் தாண்டி. சிறுசேரி ஃப்ளாட்டை ஒரு கம்பெனிகிட்ட விட்டேன். "நீங்க எதுவும் பாக்க வேண்டாம் சார், மாசா மாசம் வாடகை அக்கவுண்ட்ல விழும்"னாங்க. எட்டு மாசம் விழுந்தது. ஒன்பதாவது மாசம் நின்னுது. லீவுல வந்து கதவைத் தட்டினா உள்ள இருக்கற குடும்பம் என்னை யாருன்னு கேக்குது. அவங்க அந்தக் கம்பெனிகிட்ட ஏழு லட்சம் குடுத்து லீஸுக்கு வந்திருக்காங்க. வாடகை கிடையாது, மூணு வருஷம் கழிச்சு ஏழு லட்சமும் திரும்பி வரும்னு பத்திரம். என்கிட்ட வாடகை அக்ரிமெண்ட், அவங்ககிட்ட போக்கியப் பத்திரம், நடுவுல ஆள் எஸ்கேப். அந்தம்மா அழுதுகிட்டே நகை வித்த ரசீதைக் காட்டினாங்க. நான் யாரைக் கத்தறது?

அதுலேர்ந்து ஒரே பிடிவாதம். குடிவர்றவரை வீடியோ கால்லயாவது நானே பார்ப்பேன், ஒப்பந்தத்துல என் பேரும் அவர் பேரும்தான் இருக்கும். பணம் அவர் அக்கவுண்ட்லேர்ந்து நேரா என் அக்கவுண்டுக்கு.

வெளிநாட்டுல இருக்கறவங்களுக்கு இன்னொரு விஷயம். நமக்கு வாடகை குடுக்கறவர், தொகை எவ்வளவு சின்னதா இருந்தாலும், வரி பிடிச்சுக்கிட்டுத்தான் குடுக்கணும். உள்ளூர் ஓனர்னா மாசம் 50,000க்கு மேல போனாத்தான் அந்தப் பேச்சு. இதை முதல்லயே குடித்தனக்காரர்கிட்டச் சொல்லிடுங்க. பின்னாடி நோட்டீஸ் வந்தா மாட்டறது அவர்தான்.

மடிப்பாக்கம்_மகன்

எல்லாருக்கும் நன்றி. சனிக்கிழமை போறேன். 9 ரூபா விஷயம் உறுத்துது. பழைய பில் எல்லாம் எடுத்துப் பார்க்கணும்.

மடிப்பாக்கம்_மகன் (இரண்டு வாரம் கழித்து)

போய்ப் பேசினேன். அண்ணன், அக்கா, அம்மா, நான். அம்மா காபி போட்டாங்க. நங்கநல்லூர் சார் கணக்கை அப்படியே நோட்டுல எழுதி நடுவுல வெச்சேன். அண்ணன் ரொம்ப நேரம் அதையே பார்த்துட்டு, "ஏப்ரல்னா இருநூறு ரூபாயா?"ன்னு மட்டும் கேட்டார். அவர் மனசுல ஒரு லட்சம் இன்னும் முழுசா இருந்திருக்கு.

மேடவாக்கம் பக்கம் சிங்கிள் பெட்ரூம் பார்த்திருக்காங்க, வாடகை 9,000. டோக்கன் 5,000 நேரா அந்த ஓனருக்கு அனுப்பிட்டேன். மார்ச் 31 காலி.

இப்ப சந்தேகம். பெயின்ட் அடிக்க ஒரு மாச வாடகை பிடிக்கறது வழக்கம்தானே? அக்ரிமெண்ட்ல அப்படி ஒரு வரி இருக்கற மாதிரி ஞாபகம். பிடிச்சா அவருக்கு ஒண்ணுமே மிஞ்சாது.

சோழிங்கநல்லூர்_ஓனர்

பிடிக்கணும். நாலு வருஷம் இருந்திருக்காங்க. சமையல் ரூம் சுவரைப் பார்த்தீங்களா?

கோர்ட்_வராண்டா

சட்டத்தின் பின்னால் அட்டவணை இருக்கிறது, யார் எதைச் செய்ய வேண்டும் என்று. வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்கு வண்ணம் பூசுவதும் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் லைன் மாற்றுவது, சுவருக்குள் ஓடும் ஒயரிங், கட்டடத்தின் பெரிய ரிப்பேர் எல்லாம் வீட்டுக்காரருடையது. குழாய் வாஷர், சுவிட்ச், பிளக் பாயின்ட், பூட்டு, கைப்பிடி, ஜன்னல் கண்ணாடி, கீஸர் ரிப்பேர், அடைத்த சாக்கடை இவை குடியிருப்பவருடையவை. ஒப்பந்தத்தில் மாற்றி எழுதிக்கொள்ளலாம். எழுதியிருக்கிறதா என்று ஞாபகத்தை நம்பாமல் பத்திரத்தைப் பாருங்கள்.

இருக்கும் பணத்தைக் காலி செய்து ஒரு மாதத்துக்குள் திருப்பிவிட வேண்டும் என்பதும் அங்கேயே இருக்கிறது. சாவி வாங்கும்போதே கொடுத்து முடிப்பதுதான் நல்லது.

தாம்பரம்_குடித்தனம்

பெயின்டுக்குன்னு என்கிட்ட நாலு வீட்டுல பிடிச்சிருக்காங்க. அதுல ஒரு வீட்டுக்குப் பிறகு போய்ப் பார்த்தேன். அதே சுவர், அதே கறை, புதுக் குடித்தனம்.

மடிப்பாக்கம்_மகன்

பத்திரத்தைப் பார்த்தேன். பெயின்ட் வரியே இல்ல. அப்பா எழுதல. "அவர் எப்பவும் பிடிச்சதில்லை"ன்னு அம்மா இப்பத்தான் சொல்றாங்க.

கோவை_ரேஸ்கோர்ஸ்

அடுத்த ஆளுக்காவது முதல் நாளே ஒழுங்காப் பண்ணிருங்க தம்பி. நான் பண்றது இது. சாவி குடுக்கற அன்னிக்குக் குடிவர்றவரையும் கூட்டிட்டு ரூம் ரூமா ஃபோன்ல வீடியோ எடுத்துக்கிட்டே நடப்பேன். குழாயத் தொறந்து மூடுவேன், ஃபேன் போட்டு நிறுத்துவேன். "இந்த டைல்ஸ்ல விரிசல் ஏற்கெனவே இருக்குங்க"ன்னு அவரையே சொல்ல வெப்பேன். அப்பவே அந்த வீடியோவ அவருக்கும் அனுப்பிருவேன். காலி பண்ற அன்னிக்கு அதே வரிசையில மறுபடி. போன வருசம் ஒரு பையன் "இந்த ஓட்டை நான் போட்டதில்லை"ன்னான். வீடியோவப் பார்த்தா அவன் சொன்னது நெசம். எனக்குத்தான் மறந்திருச்சு.

வாடகை ரொக்கமா வாங்காதீங்க. வாங்குனா ரசீது குடுத்துருங்க. சம்பளக்காரங்க வருசத்துக்கு லட்சத்துக்கு மேல வாடகை காட்டி வரிவிலக்குக் கேட்டா உங்க பான் நம்பரக் கேப்பாங்க. அதைக் குடுக்காம ஒளிக்கிற ஓனருக்கு நல்ல குடித்தனம் அமையாதுங்க. வாடகை வருமானத்துல, நீங்க கட்டுன சொத்து வரி போக மிச்சத்துல 30 சதம் ரசீதே கேக்காம கழிவு குடுக்கறாங்க. அப்பறம் எதுக்கு ஒளிக்கணும்?

நங்கநல்லூர்_22வருஷம்

குடிவர்றவர் விவரத்தை ஸ்டேஷன்ல குடுத்துடுங்க. 2012ல வேளச்சேரியில வாடகை வீட்டுல இருந்த அஞ்சு பேரை வங்கிக் கொள்ளையர்னு போலீஸ் சுட்டாங்களே, அதுக்கப்புறம் சென்னையில அது கட்டாயம்னு வந்தப்ப எல்லாரும் வரிசையில நின்னோம். அப்புறம் பாதிப் பேர் மறந்துட்டாங்க. பெஞ்சுல உக்காந்த அனுபவஸ்தன் சொல்றேன், நீங்களா ஒரு தடவை போயிட்டு வந்தா, அவங்களா கூப்பிட மாட்டாங்க.

மடிப்பாக்கம்_மகன் (ஏப்ரல் முதல் வாரம்)

முடிஞ்சது. நேத்து லாரி ஏத்தி அனுப்பினோம்.

பால்கனி ஜன்னல் கண்ணாடி ஒண்ணு பையன் பந்து பட்டு உடைஞ்சிருந்தது. அண்ணனே காட்டினார், 650 ரூபா. கரண்ட் கணக்குல ஒரு மணி நேரம் போச்சு. 2021ல குடிவந்தப்ப மீட்டர் என்ன காட்டுச்சுன்னு யாருமே எழுதி வைக்கல. முதல் பில்லை எந்த எண்லேர்ந்து கழிச்சார்னு அப்பாவைத்தான் கேக்கணும். கடைசில பாக்கி நின்ன ரெண்டு பில்லுக்கு மட்டும், மொத்த பில்லை ரெண்டு வீட்டு யூனிட்டுக்குப் பிரிச்சுப் போட்டோம். 3,800 ரூபா 2,450 ஆச்சு. தாம்பரம் அண்ணே, உங்களுக்குத்தான் சொல்றேன்.

64,000 பாக்கி, மார்ச் 16,000, கரண்ட் 2,450, கண்ணாடி 650, டோக்கன் 5,000. மிச்சம் 11,900. அக்கா சாவியை அம்மா கையில குடுத்தாங்க, நான் அண்ணன் ஃபோனுக்குப் பணம் அனுப்பினேன். நாலு சாவின்னு அப்பா நோட்டுல இருந்தது, மூணுதான் வந்தது. பூட்டை மாத்திட்டேன், அந்தக் காசு நம்மளோடது.

மாடிக்குத் தனி சர்வீஸ் கேட்டு எழுதிக் குடுத்தாச்சு. வெள்ளையடிச்சதும் புதுசா ஆள் வர்றாங்க, வாடகை 18,000, அட்வான்ஸ் 54,000. அம்மா பேர்ல ஒப்பந்தம், குமாஸ்தா ஐயா சொன்ன மாதிரி பதிவும் பண்ணப்போறோம். அம்மாவுக்கு ஒரே கவலை, புதுசா வர்ற அம்மா சொட்டு மருந்து போடுவாங்களாங்கறது.

தாம்பரம்_குடித்தனம்

1,350 ரூபா குறைச்சதுக்கு நன்றி தம்பி. இத்தனை வருஷத்துல திருப்பிக் குடுத்த ஓனரை இப்பத்தான் கேள்விப்படறேன்.

நங்கநல்லூர்_22வருஷம்

சப் மீட்டர் ரீடிங்கைப் போட்டோ எடுத்தீங்களா?

மடிப்பாக்கம்_மகன்

எடுத்தாச்சு சார். 4,817. புதுசா வர்றவருக்கும் அனுப்பிட்டேன்.